காருக்குப் பேதி கொடுத்த கதை

மாமா பத்திரிகையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்றார். அதில் அச்சாகியிருந்த செய்தி எதையும் அவர் படிக்கவில்லை. செய்திகளுக்கு மேலே விழுந்திருந்த கறைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எஞ்சின் எண்ணெய். கறுப்பாய், வட்டமாய் இருக்கு. இது கியர்ப் பெட்டியாலை வந்தது, மணத்தைப் பார்" என்று ஒரு விரலால் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது வெறும் தண்ணி. காய்ஞ்ச இடத்திலை துரு நிறம் நிக்குது, கண்டியோ? இது பின் அச்சு."

"அப்ப எல்லா இடத்தாலையும் போகுது மாமா."

"ஓம் பிள்ளை. எல்லா இடத்தாலையும் போகுது."

"பேதி நல்லாய் வேலை செய்திருக்கு" என்றேன்.

அவர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமனாருக்கு முன்னால் இப்படிக் கதைக்கிற மருமகள் அந்த நாளில் வெள்ளவத்தையில் அதிகம் பேர் இல்லை. ஆனால் எனக்கு அன்று வாயை அடக்க முடியவில்லை. அடுத்த கிழமை எனக்குக் கார் ஓட்டும் சோதனை.

போன கிழமை நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் உண்மையிலேயே கார் ஓட்டினீர்களா, இல்லை சும்மா அளக்கிறீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஓட்டினேன் அம்மா. அதிக காலம் ஓட்டவில்லை. ஏன் அதிக காலம் ஓட்டவில்லை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

துரையின் கார்

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கியிருந்த காலம். ஹெவ்லொக் டவுன் பக்கத்துப் பெரிய வீடுகளில் கிழமைக்கொரு ஏலம் நடக்கும். பியானோ, ஐஸ் பெட்டி, புலித்தோல் எல்லாம் மரத்தடிக்கு வந்துவிடும். என் கணவர் ஒரு மேசை விளக்கு வாங்கி வருகிறேன் என்று போனார். காரோடு திரும்பி வந்தார்.

சின்னக் கறுப்புக் கார். மைல் காட்டும் முள் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. ஆசனத் தோல் வெடித்து, உள்ளே இருந்த தேங்காய்த் தும்பு எட்டிப் பார்த்தது. கதவைச் சாத்தினால் மட்டும் பெரிய கார் போல ஒரு கனத்த சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இவர் மயங்கியிருக்க வேண்டும்.

ஏனென்றால் இவருக்குப் பார்க்கத்தான் கண் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சுவரும் கதவும் ஒன்று. லைசென்ஸுக்குப் போனவரிடம் தூரத்தில் நின்ற காரின் இலக்கத்தை வாசிக்கச் சொன்னார்களாம். "எந்தக் கார்?" என்று இவர் கேட்டாராம். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

காரோடு துரையின் சாரதி பியசேனவும் ஒரு மாதத்துக்கு வந்திருந்தான். யாராவது ஓட்டப் பழகியே ஆகவேண்டும் என்ற நிலைமையில், "நான் பழகட்டே?" என்று கேட்டேன். மாமியின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. இவர் மட்டும், "ஏன், பழகட்டுமே" என்றார். நல்ல மனிதர்.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் பியசேன பக்கத்தில் இருந்து, "ஹெமின் நோனா, ஹெமின்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மெதுவாக அம்மா, மெதுவாக என்று அர்த்தம். நான் மெதுவாகப் போனதாக எனக்கு நினைவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையை வெளியே நீட்டித் திரும்பப் போகிறேன் என்று சைகை காட்டும்போது கைவளைகள் கதவில் பட்டுக் கிலுகிலுக்கும். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பிறந்தது முதல் யாராவது என்னைக் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். முதல் தடவையாக நான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா போட்ட நிபந்தனை

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே பயிற்சி முடித்தவள் நான். அந்தச் சான்றிதழ் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அடுத்த தவணை தொடங்கும்போது வந்து சேரவேண்டும் என்றார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை என்றால் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாமா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

"என்ர மருமகள் பஸ்ஸிலை இடிபட்டுப் போய்ப் படிப்பிக்கத் தேவையில்லை. காரை ஓட்டிக்கொண்டு போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை."

ஆகவே கணக்கு எளிது. சோதனையில் தேறினால் கார். கார் இருந்தால் வேலை. காருக்கு ஏதும் ஆனால் இரண்டும் இல்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற அரசாங்க அப்போதிக்கரி. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்து கொடுத்தவர். பெரிய டொக்டர் வராத இடங்களில் அவர்தான் டொக்டர். ஓய்வுக்குப் பிறகும் எல்லோரும் அவரை டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். நோயாளிகள்தான் வரவில்லை. வீட்டில் யாராவது தும்மினால் அவர் முகம் மலரும். நாங்களோ பாழாய்ப்போன ஆரோக்கியத்தோடு இருந்தோம். அந்த நேரத்தில்தான் கார் வந்து சேர்ந்தது.

பேதி நாள்

பியசேன ஊருக்குப் போகிற அன்று, துரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். தனக்குத் தெரிந்த தமிழில், "தொரே எண்ணெ ஊத்துறது மட்டும்தான் மாத்தயா. குறைஞ்சா ஊத்தும். ஒருநாளும் எறக்கினது இல்லெ" என்றான்.

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஒருநாளும் இறக்கேல்லையோ? எத்தினை வருஷமாய்?"

"நான் வந்த நாள் இருந்து இல்லெ."

"ஐயோ!" என்றார் மாமா. "இவ்வளவு வருஷமும் வயிறு போகேல்லை!"

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் பயங்கரம் விளங்கும். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் முதல் வேலை பேதிதான். விடியற்காலையில் ஆமணக்கெண்ணெயை ஒரு கோப்பையில் ஊற்றி, மூக்கைப் பொத்தி, தோடம்பழச் சாறு ஒரு மிடறு முன்னும் ஒரு மிடறு பின்னும் கொடுத்து இறக்குவார்கள். அன்று முழுவதும் நாங்கள் பின்வளவுக்கும் வீட்டுக்குமாக நடப்போம். மத்தியானம் ரசமும் குழைந்த சோறும். எந்த நோய்க்கும் இதுதான் முதல் வைத்தியம். நோய் இல்லாவிட்டால், இனி வராமல் இருக்க இதுதான் வைத்தியம். மாமாவின் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையில் நடந்தது என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை.

அப்படிப்பட்டவரிடம் அந்தக் கார் அகப்பட்டது.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த ஹமீது நானாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார் இவர். ஹமீது நானா நல்ல மனிதர், நல்ல மெக்கானிக். ஆனால் அவருடைய சின்ன மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாமாதான் மருந்து கொடுத்திருந்தார். டொக்டர் சொன்னதை மறுத்துப் பேச அவருக்கு நாக்கு வராது. "அழுக்கும் ஊத்தயுமா ஈக்கிய எஞ்சின் எப்பிடி டொக்டர் ஓடும்? எறக்கிப் போடுங்க. பூப்போல ஓடும்" என்று சொல்லிவிட்டார்.

பேதி நாள் குறிக்கப்பட்டது. பங்கீட்டில் கிடைத்த மண்ணெண்ணெய் முழுவதையும் மாமா எடுத்துக்கொண்டார். "அடுப்பு மூட்ட மண்ணெண்ணெய்க்கு எங்கை போறது?" என்று மாமி கேட்டதற்கு, "இண்டைக்கு எல்லாருக்கும் பழஞ்சோறு" என்று பதில் வந்தது.

பழைய எண்ணெயை இறக்கி, எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். பிறகு அடியில் இருந்த மூடியைத் திறந்தார் மாமா. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு உழுத்தங்களி போல ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது. பிறகு தொபுக்கென்று விழுந்தது.

"பார், பார், பார்!" என்று மாமா கூப்பிட்டார். நான் பார்த்தேன். இவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அயல் வீட்டாரும் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள்.

அதோடு விட்டாரா? கியர்ப் பெட்டியையும் திறந்தார். உள்ளே எண்ணெயோடு மரத்தூள் கிடந்தது. தேய்ந்த பற்சக்கரங்கள் ஊளையிடாமல் இருக்க, கார் விற்கிறவர்கள் மரத்தூளைப் போட்டு விற்பது அந்தக் காலத்துத் தந்திரம். துரை செய்தாரா, துரைக்கு விற்ற துரை செய்தாரா என்று தெரியாது. மாமா கடைசித் தூள் வரைக்கும் வழித்தெடுத்துவிட்டார். பின் அச்சையும் கழுவினார். றேடியேற்றருக்குள் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி அதன் பாசியையும் துருவையும் கழற்றினார்.

பிரேக் எண்ணெயை மட்டும் தொடவில்லை. அந்த மூடியைத் திறந்து மணந்து பார்த்தவர் அசந்துபோனார். அதில் பாதி ஆமணக்கெண்ணெய்! அந்த நாளில் பிரேக்குக்குள் போனது அதுதான். "பாத்தியோ பிள்ளை, இதைச் செய்தவனுக்கு வைத்தியம் தெரிஞ்சிருக்கு" என்றார். அடுத்த சில நாட்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மூடியை மணந்து பார்க்கவேண்டியிருந்தது.

எல்லாம் கழுவி முடிந்ததும் புத்தம்புது எண்ணெய், மெல்லியது, முப்பதாம் நம்பர். கார் ஓடிய விதத்தைச் சொல்லவே வேண்டாம். வெண்ணெயில் கத்தி போனது போல இருந்தது. மாமா பின் ஆசனத்தில் இருந்து வீதியின் இரு பக்கமும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டொரு நாள் அந்த அழகு நின்றது. பிறகு ஒழுகத் தொடங்கியது. அப்போதுதான் காரின் அடியில் பத்திரிகை விரித்துக் காலையில் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை மாமா ஆரம்பித்தார். அப்படி எடுத்துப் பார்த்த ஒரு நாளைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

முப்பதா, ஐம்பதா?

இப்போது கடைகளில் பழைய கார்களுக்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள். அதிகம் ஓடிய எஞ்சினுக்கு என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. என் மகன் ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் போத்தல் அந்த நாளில் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு கிழமைச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

அப்போது எண்ணெய் சில்லறையாகத்தான். காலி நகருக்குப் போகும் வீதியிலிருந்த பெற்றோல் செட்டில் பெரிய பீப்பாயிலிருந்து தகர அளவையில் இறைத்து ஊற்றித் தருவார்கள். முப்பது என்றால் மெல்லியது. நாற்பது நடுத்தரம். ஐம்பது என்றால் தேன்பாகு.

இவர் புத்தகத்தோடு வந்தார். காரோடு வந்த புத்தகம். "முப்பதெண்டுதான் எழுதிக் கிடக்கு. செய்தவனுக்குத் தெரியாதே?"

"அது கார் புதுசாய் இருக்கேக்கை எழுதினதுங்கோ" என்றேன். "இப்ப எல்லாம் தேய்ஞ்சு இடைவெளி விட்டுப்போச்சு. மெல்லிய எண்ணெய் அதுக்காலை ஓடுது. ஓட்டைச் சட்டியிலை ரசம் நிக்குமே? கூழெண்டால் கொஞ்சம் நிக்கும்."

"பேதிக்குப் பிறகு கூழோ?" என்று மாமா அதிர்ந்துபோனார். "கஞ்சிதான். மெல்லிசாய்த்தான் குடுக்கவேணும். வயிறு தாங்காது."

மூன்று பேரும் மூன்று முகமாக இருந்தோம். கடைசியில் மாமாவே ஒரு வழி சொன்னார். அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லமாட்டார். ஒவ்வொரு எண்ணெயாக ஊற்றி, ஒவ்வொரு இரவும் பத்திரிகை விரித்து, காலையில் கறையைப் பார்ப்பது என்று முடிவாகியது.

முப்பதுக்குச் சாப்பாட்டுத் தட்டளவு கறை. நாற்பதுக்குத் தேநீர்த் தட்டளவு. ஐம்பதுக்குச் சில பொட்டுகள்தான். ஓட்டிப் பார்த்தபோது எண்ணெய் அமுக்கம் காட்டும் முள்ளும் ஐம்பதில்தான் நிமிர்ந்து நின்றது. மாமா பத்திரிகைகளை வரிசையாக நிலத்தில் பரப்பி வைத்துக் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"சரி பிள்ளை. நோயாளி ஐம்பதுதான் கேக்கிறான்" என்றார்.

கியர்ப் பெட்டிக்கும் இருந்ததில் தடித்த எண்ணெயாகப் பார்த்து ஊற்றினோம். மரத்தூள் போனதில் அது நாய்போல ஊளையிட்டது. அதைக் கேட்காதது போல இருந்துகொண்டோம். றேடியேற்றர் ஒழுக்குக்கு முட்டையின் வெள்ளைக்கரு நல்லது, சூட்டில் வெந்து ஓட்டையை அடைக்கும் என்று ஹமீது நானா சொல்லியனுப்பினார். மாமி இரண்டு கையையும் விரித்து வாசலில் நின்றுவிட்டார்.

"காரும் எங்கடை வீட்டிலைதானே நிக்குது? சைவ வீட்டுக் காருக்கு முட்டையோ?"

கடைசியில் கடுகை அரைத்துப் போட்டோம். அதுவும் ஓரளவு அடைத்தது. ஆனால் எஞ்சின் சூடானால் காரிலிருந்து ஊறுகாய் மணம் வரும்.

புதுக்கடை ஏற்றம்

சோதனை நாள் காலையில் ஐம்பதாம் நம்பர் எண்ணெய் தன் குணத்தைக் காட்டியது. தடித்த எண்ணெய் குளிரில் இறுகிப்போய்விட்டது. இவர் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றிச் சேர்ட் எல்லாம் நனைந்துபோனார். பிறகு இவரும் மாமாவும் அயல் வீட்டாரும் ஒழுங்கை முழுவதும் தள்ளினார்கள். கடலை நெருங்கும்போதுதான் எஞ்சின் பிடித்தது.

மாமா சோதனைக்குத் தானும் வருவதாக ஏறி உட்கார்ந்தார். மடியில் பழைய மிக்ஸ்சர்ப் போத்தல் ஒன்று. டிஸ்பென்சரியில் கொடுப்பார்களே, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஓரத்தில் காகிதம் வெட்டி ஒட்டிய போத்தல். அதற்குள் எஞ்சின் எண்ணெய். காகிதமும் ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தார்.

நகரத்துச் சோதனை அலுவலகத்தில் எங்களைச் சோதிக்க வந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். வெள்ளைக் கோட்டும் தொப்பியும். பின் ஆசனத்தைப் பார்த்து, இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்கு முன், "மெடிக்கல் அட்டெண்டன்ட், சேர்" என்றார் மாமா. பெரியவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்துக்கொண்டு ஏறினார்.

புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் மாட்டு வண்டிகளையும் ரிக்ஷாக்களையும் விலத்திக்கொண்டு போனோம். பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இங்கே எங்கேயோ ஊறுகாய் போடுகிறார்கள்" என்றார். நான் வீதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

புதுக்கடை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும், "நவத்தன்ன" என்றார். நிறுத்தினேன். மேலே நீதிமன்ற வாசலில் கறுத்தக் கோட்டுப் போட்ட புரொக்டர் வக்கீல்மார், ஓரத்துத் தேத்தண்ணிக் கடைகளில் வழக்குக்கு வந்தவர்கள், எல்லோரும் சேலை கட்டிய சாரதியைப் பார்க்கத் திரும்பினார்கள். இந்த இடத்தில் கார் பின்னுக்கு உருளாமல் மறுபடி ஏறவேண்டும். அதுதான் சோதனை.

"இனிப் போங்கள்" என்றார் பெரியவர்.

அப்போது பார்த்தேன், எண்ணெய் முள் விழுந்து கிடந்தது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

"நான் போகத்தானே சொன்னேன்?"

"எண்ணெய் இல்லாமல் போனால் எஞ்சின் போய்விடும், சேர். என்னை ஃபெயில் பண்ணுங்கள். ஆனால் இதை இப்படியே ஓட்டமாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போயிற்று என்றே நினைத்தேன். மாமா அதற்குள் இறங்கி, மூடியைத் திறந்து, போத்தலை வெயிலுக்குப் பிடித்து, ஒட்டிய காகிதத்தில் ஒரு கோடு வரும் வரை பார்த்துப் பார்த்து ஊற்றினார். தேத்தண்ணிக் கடையில் யாரோ ஒருவன் கை தட்டினான்.

மாமா ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிக்கொண்டார்; சூடான எஞ்சின் உடனே பிடித்தது. முள்ளைப் பார்த்தேன். எழும்பியிருந்தது. கைப்பிரேக்கை மெல்ல விட்டேன். நீலப் புகை புதுக்கடையையே மூடியது. கார் ஒரு அங்குலமும் பின்னுக்குப் போகாமல் ஏறியது.

திரும்பி வந்து இறங்கும்போது பெரியவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "காருக்கு ஃபெயில். உங்களுக்குப் பாஸ்" என்றார்.

ஊத்தையின் உபகாரம்

மாமா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைதான். பம்பலப்பிட்டியில் முள் மறுபடி விழுந்தது. காரை ஓரங்கட்டி நிறுத்துவதற்குள், அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டொக் டொக் என்று கேட்டது. பிறகு பெரிய சத்தம் ஒன்று. பிறகு கடற்காற்றுத்தான்.

ஹமீது நானா லொறி கொண்டுவந்து கட்டி இழுத்துப் போனார். அடிப்பகுதியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். எண்ணெய் உறிஞ்சும் இடத்தில் அதை வடிகட்ட ஒரு கம்பி வடி இருக்கும். அந்த வடி முழுவதும் கறுப்புக் களி. பேதியில் வெளியே வந்தது பாதிதான். மீதி இடத்தை விட்டுக் கழன்று, உள்ளேயே சுற்றித் திரிந்து, கடைசியில் எஞ்சினின் தொண்டையை அடைத்துவிட்டது. எண்ணெய் இருந்தும் அதனால் குடிக்க முடியவில்லை.

"இந்த ஊத்ததான் டொக்டர் இவ்வளவு காலமும் எல்லாத்தயும் புடிச்சி வெச்சி ஈந்திருக்கி" என்றார் ஹமீது நானா. "நானும் அத யோசிக்கல்ல. அப்பிடியே உட்டுட்டு, கொறயிறத தடிச்ச எண்ணெயா ஊத்திட்டு ஈந்தா இன்னும் ஓடியிருக்கும்."

ஒழுக்குகளை அடைத்துக்கொண்டிருந்ததும் அந்த ஊத்தைதான். றேடியேற்றரில் துருதான் ஓட்டைக்கு மூடி. கியர்ப் பெட்டியில் மரத்தூள். துரை சோம்பேறித்தனத்தால் செய்தது வைத்தியமாக இருந்தது. நாங்கள் வைத்தியமாகச் செய்தது கொலையாகிவிட்டது. என் ஐம்பதாம் நம்பரும் அடைத்த வடிக்கு உதவவில்லை.

உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், எப்போது வருமோ தெரியாது என்றார் ஹமீது நானா. காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

எனக்கு மாமாவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கிணற்றடியில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு அழுதேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஓட்டக் கார் இல்லை. வேலை இருக்கிறது, போக வழியில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று நான் கேட்கவுமில்லை. மாமா ஒருமுறை சொன்னால் அந்த வீட்டில் அது சொன்னதுதான்.

தவணை தொடங்கிய திங்கட்கிழமை

அன்று காலையில் நான் வீட்டுச் சேலையோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே நிறையத் துருவினேன்.

மாமா அடுக்களை வாசலில் வந்து நின்றார். வேட்டி, கோட்டு, சால்வை, கையில் குடை. ஆஸ்பத்திரிக்குப் போன காலத்து உடுப்பு.

"என்ன பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"எங்கை மாமா?"

"எங்கையோ? பள்ளிக்கூடத்துக்கு. முதல் நாளே பிந்திப் போறதே?"

எனக்கு விளங்கவில்லை. "கார் இல்லையே மாமா" என்றேன்.

அவர் குடையின் நுனியால் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தார். "காரை நான் கொன்றுபோட்டன். அது போதும். உன்ர வேலையையும் என்ர கையாலை கொல்ல ஏலாது பிள்ளை. உந்தத் தேங்காயை வைச்சிட்டு எழும்பு. பஸ் போயிடும்."

தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு எழுந்து ஓடினேன். எந்தச் சேலையை உடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. மாமி எதையோ இலையில் கட்டிக் கையில் திணித்தார். படலையடியில் இவர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாமா என்னை ஒரு மூலையில் நிறுத்தி, மற்றவர்கள் இடிக்காமல் தன் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பையன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். அவர் என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, புறக்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இரண்டாவது பஸ்ஸிலும் அப்படித்தான். எந்த இடத்தில் ஏறவேண்டும், எந்தப் பக்கத்தால் இறங்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கும் அது புதிது. ஒரு இடத்தில் பிழையாக இறங்கித் திரும்ப நடந்தோம்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவின் கோட்டு கசங்கிப்போயிருந்தது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பின்னேரம் நான் வரேல்லை பிள்ளை" என்றார். "நீ தனிய வருவாய்தானே?"

"வருவன் மாமா."

தலையை ஆட்டினார். குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

ஓய்வு பெறும் நாள் வரை நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில்தான் போய் வந்தேன்.